குச்சி சாரும் என் முதுகும்

காரைக்குடியில் ஓடுகிற எதையும் அதன் பாட்டுக்கு ஓடவிடாத ஒரு மனிதர் இருந்தார் என்றால் அது குச்சி சார்தான். வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் குனிந்து ஓர் ஈர்க்குச்சியை விடுவார். கல்யாணப் பந்தியில் ரசம் இலை ஓரத்துக்கு ஓடினால், முருங்கைக்காய்த் துண்டைக் குறுக்கே வைத்து எந்தப் பக்கம் அதிகமாக மோதுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து இலைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விடுவார். நான் போக முடியாது. நான் அவருடைய அட்டெண்டர்.

டீக்கடையில் மாஸ்டர் ஆற்றும்போது, இரண்டு குவளைக்கும் நடுவே நீளமாக இறங்குகிற டீயில் சார் தீக்குச்சியை நீட்டுவார்.

"சார், அதை எடுங்க. மருந்து கரைஞ்சு எவனாச்சும் வயித்தைப் புடிச்சுக்கிட்டு வரப்போறான்."

"மருந்து இல்லாத பக்கத்தைத்தான்யா விட்டிருக்கேன். நீ பாட்டுக்கு ஆத்து."

மாஸ்டர் என்னைப் பார்த்து முறைப்பார். நான் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்ப்பேன். அந்தக் கடைக் காலண்டரின் எல்லா மாதங்களும் எனக்கு மனப்பாடம்.

சாரின் சொந்த ஊர் நாட்டரசன்கோட்டை. வடக்கே எங்கோ ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர்கள் ஊருக்கு வரும்போது பீரோவும் கட்டிலும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். இவர் அங்கே கழித்துக்கட்டிய சாமான்களைக் கேட்டு வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஊருக்கு வெளியே இருந்த எங்கள் தனியார் கல்லூரியில், சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்து அறையை அவருக்குக் கொடுத்தார்கள். கூடவே என்னையும் கொடுத்தார்கள். பத்தாம் வகுப்பு வரை படித்தவன், நாலு பேர் கூடினால் தூண் பக்கம் ஒதுங்குகிறவன், சொன்னால் எதிர்த்துப் பேசமாட்டான் என்று பார்த்துத்தான் கொடுத்திருப்பார்கள்.

அறைக்குள் பெரிய அண்டா அளவுக்கு ஓர் இரும்பு உருளை, படுக்கவைத்தபடி. ஒரு முனை வாசலைப் பார்க்கும், மறுமுனை சன்னலைப் பார்க்கும். உள்ளே இருக்கிற காற்றைப் பம்பு உறிஞ்சிவிடும். பிறகு கொஞ்சம் ஆர்கான் வாயுவை விட்டு மின்சாரம் கொடுத்தால், உருளையில் பதித்த கண்ணாடி வழியே ஊதா நிறத்தில் ஒன்று எரிவது தெரியும். எரிகிறது என்று சொன்னால் சார் திட்டுவார். அது நெருப்பு இல்லை, பிளாஸ்மா. டியூப் லைட்டுக்குள் இருப்பதற்கு அண்ணன். வாயு உடைந்து மின்சாரம் ஏறிய துகள்களாக அலைகிற நிலை. சாருடைய உருளையில் அது சும்மா அலையாமல், வாசல் பக்கத்திலிருந்து சன்னல் பக்கம் ஓடும். என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதுதான் சாருடைய வாழ்க்கைப் பிரச்சினை. அதுவே என்னுடையதும் ஆயிற்று.

அதை அளக்கத்தான் குச்சி. வெள்ளைப் பீங்கான் தண்டின் நுனியில் இரண்டு குட்டித் தகடுகள், முதுகோடு முதுகாக. ஒன்று வாசலைப் பார்க்கும், இன்னொன்று சன்னலைப் பார்க்கும். தண்டின் கைப்பிடி உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதைத் திருகினால் உள்ளே குச்சி திரும்பும். அவற்றில் வந்து மோதுகிற துகள்கள் மின்சாரமாக மீட்டரில் தெரியும். இதை சார் எனக்குக் கரும்பலகையில் விளக்கினார். புரியவில்லை. புரிந்ததுபோல் தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். தெரியாத்தனமாக முழித்துவிட்டேன்.

"சரி, கெளம்பு. சந்தைக்குப் போவோம்" என்றார்.

வாரச் சந்தை நாள். தக்காளிக் கடைக்கும் வெங்காயக் கடைக்கும் நடுவே கூட்டம் பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. நட்ட நடுவில் என்னைக் கூட்டம் வருகிற திசையைப் பார்த்து நிற்கச் சொன்னார். அவர் என் முதுகோடு தன் முதுகை ஒட்டி, எதிர்த்திசை பார்த்து நின்றுகொண்டார். ஆளுக்கு ஒரு பை நிறையப் புளியங்கொட்டை. யாராவது இடித்தால் இடது பையிலிருந்து ஒரு கொட்டையை வலது பைக்கு மாற்ற வேண்டும்.

பிறந்ததிலிருந்து யார் கண்ணிலும் படாமல் வாழ்வது எப்படி என்று பழகி வைத்திருந்த என்னை, ஊர்ச் சந்தைக்கு நடுவே நட்டுவைத்துவிட்டார்.

தக்காளிக்கார அம்மா சத்தம் போட்டார். "ஏஞ்சாமி, நடு வழியில என்ன கூத்து? ரெண்டு பேருக்கும் முதுகு ஒட்டிக்கிச்சா? வெளக்கெண்ணெய் தரவா?"

"கொஞ்சம் பொறுங்கம்மா, அளந்துக்கிட்டு இருக்கோம்" என்றார் சார்.

"அளக்குறதுன்னா தராசை எடுங்க. அங்குட்டுப் போயி நில்லுங்கய்யா, யாவாரம் கெடுது!"

அந்த நேரம் பார்த்துக் கொத்தமங்கலத்திலிருந்து சாமான் வாங்க வந்திருந்த என் மாமனார் எதிரே வந்து நின்றார்.

"என்ன மாப்ள, இங்க நிக்கிறீக?"

"வேலையா இருக்கேன் மாமா."

"என்ன வேலை?"

ஒரு மூட்டைக்காரர் என்னை இடித்துக்கொண்டு போனார். நான் ஒரு கொட்டையை எடுத்து வலது பையில் போட்டேன். "நிக்கிறதுதான் மாமா" என்றேன். மாமனார் என்னையும், என் முதுகுக்குப் பின்னால் இருந்த நரைத்த தலையையும் பார்த்துவிட்டுப் போனார். வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள், "ஏங்க, காலேஜுல யாரையும் பகைச்சுக்கிட்டீகளா? சந்தையில கொண்டுபோய் நிறுத்தி வச்சிருந்தாகளாமே?"

சந்தை முடிந்து சைக்கிள் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தால், என் வலது பையில் கொட்டை குவிந்திருந்தது. சாருடையதில் கொஞ்சம்தான்.

"பாத்தியா? ஒம் பக்கம் கூட, எம் பக்கம் கம்மி. அப்பக் கூட்டம் எங்கருந்து வருது?"

"எனக்கு எதுத்தாப்புல இருந்து சார்."

"ரெண்டும் சமமா இருந்தா?"

"கூட்டம் எங்குட்டும் போகலைன்னு அர்த்தம்."

"எம் பக்கம் கூட இருந்தா?"

"உங்களுக்கு எதுத்தாப்புல இருந்து வருது சார்."

"அம்புட்டுத்தான்யா என் படிப்பு. இதுக்குத்தான் டாக்டர் பட்டம் குடுத்தாக." சந்தோஷத்தில் என் முதுகில் ஓங்கித் தட்டினார். ஏற்கெனவே இடிபட்ட உடம்பு.

அதிலிருந்து எனக்குப் பாடம் புரிந்துபோனது. அவருக்கோ வழக்கமே ஆகிப்போனது. திருவிழா, ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு என்று எங்கே கூட்டத்தைக் கண்டாலும், "முதுகு குடுய்யா" என்பார். என் காக்கிச் சட்டைப் பையில் எந்நேரமும் புளியங்கொட்டை இருக்க வேண்டும் என்பது உத்தரவு. ஊரே இப்படி இடித்துவிட்டுப் போகலாம், ஆனால் அந்தக் குச்சியை மட்டும் யாரும் வெறுங்கையால் தொடக்கூடாது. கையுறை போட்டுத்தான் தொட வேண்டும்.

"வேர்வை பட்டா உப்பு ஒட்டும். ஒட்டுச்சுன்னா தகடு பொய் சொல்லும்" என்பார். ஒருநாள் நான் குச்சியை ஏந்திக்கொண்டு போவதைப் பார்த்த ஸ்டோர் ஆரோக்கியமேரி அக்கா, "கைக்கொழந்தையைக்கூட இப்புடித் தூக்கிப் பாத்ததில்லை. பாத்துப்பா, தலை நிக்காத புள்ளை" என்றார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பிரின்சிபால் ஒருநாள் அளவு டேப்போடு வந்து அறையின் நீள அகலத்தை அளந்துகொண்டு போனார். விடைத்தாள் கட்டுகளை வைக்க இடம் போதவில்லையாம். வெளியூரிலிருந்து ஒரு குழு வந்து பார்க்கும், இந்தச் சோதனை உருப்படியானது என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் அறை சாருக்கு, இல்லையென்றால் பரீட்சைக் கட்டுகளுக்கு. அறை போனால் சார் வீட்டுக்கு. என் வேலை தற்காலிக வேலை, அந்த அறைக்காகவே போட்ட வேலை. ஆக நானும் வீட்டுக்கு.

குழு வருவதற்கு முன் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் கல்லூரியில் ஆயுத பூஜைக்குச் சந்தனம் கரைப்பது ஆரோக்கியமேரி அக்கா. காளையார்கோவில் பக்கம், பரம்பரையாகவே மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். ஆனால் பொரி கடலை வாங்குவதிலிருந்து பஸ் டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பது வரை அவர்தான். "நான் வாங்கலைன்னா இந்தப் பயலுக நமத்துப்போன பொரியை வாங்கிட்டு வந்துருவாங்ய" என்பார். லேத் மெஷின், தண்ணீர் மோட்டார், ஜெராக்ஸ் மெஷின், பிரின்சிபாலின் ஏசி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே கிண்ணத்தோடு எங்கள் அறைக்கு வந்தார். சார் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"சந்தனம், குங்குமம், பூவு ஒண்ணும் உள்ள வரக்கூடாது."

"சார், பம்புக்கு மட்டும் ஒரு பொட்டு. வருசம் பூராம் ஓடி ஒழைக்குது, பாவம்."

"கூடாதுன்னா கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு, தூசி, ஒண்ணும் ஆகாது. போங்க, போங்க."

எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, உள்ளே சில்லறை வேலை இருக்கிறது என்று அவர் மட்டும் இருந்தார். சாயங்காலம் வெளியே வந்து, பூட்டிச் சாவியை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு போனார். அக்காவுக்கு ஆறவில்லை. சார் தலை மறைந்ததும் பூட்டுக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் போனார்.

விடுமுறை முடிந்து பம்பை ஓட்டினோம். உருளையிலிருந்து காற்று வெளியேற வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. ஒருவழியாக ஊதா வெளிச்சம் வந்தது. சார் மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஓட்டம் திரும்பிருச்சுய்யா!"

வாசலைப் பார்க்கிற முன் தகட்டில் குறைவு, சன்னலைப் பார்க்கிற பின் தகட்டில் அதிகம். சந்தைக் கணக்குப்படி, கூட்டம் பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. வாயு விடுவது வாசல் பக்கம், உறிஞ்சுவது சன்னல் பக்கம். பிளாஸ்மா மட்டும் சன்னலிலிருந்து வாசலுக்கு வருகிறதாம்.

முதல் நாள் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உலகத்தில் யாரும் காணாததைக் கண்டுவிட்டதாக எனக்கு அதிரசம் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் பயம் வந்தது. அதற்கடுத்த நாள் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருக்கிறவன் மேல்தானே வரும்?

"நீ ஒயரை மாத்தி மாட்டுனியா?"

"இல்ல சார்."

"கைப்பிடியத் திருகுனியா?"

"தொடவே இல்ல சார்."

"தொடாம எப்புடித் துடைச்ச?"

அடுத்து, கல்லூரி ஜெனரேட்டரைக் குற்றம் சொன்னார். ஆரோக்கியமேரி அக்காவின் செல்போனைக் குற்றம் சொன்னார். ஒருநாள் பூட்டில் காய்ந்துபோயிருந்த பொட்டைப் பார்த்துவிட்டு நேராக ஸ்டோருக்கே போய்விட்டார்.

"இதை யாரு வச்சது?"

"நாந்தான் வச்சேன். பூட்டுல வச்ச பொட்டு, இரும்பு அண்டாவுக்குள்ள எப்புடிப் போகும் சார்?"

"எப்புடியும் போகும்."

"அப்ப எங்க ஊட்டுப் பூட்டுலயும் வைக்கிறேன், எம் மாமியா கொணம் திரும்புதான்னு பாப்போம்."

உருளையைத் திறந்து குச்சியைப் பார்த்துவிடலாமே சார் என்று நான் பலமுறை மெதுவாகச் சொன்னேன். அதற்கு மட்டும் அவருக்குக் கோபம் வந்தது. "தொறந்தா மறுபடி அரை நாள் பம்பு ஓட்டணும். அதோட, எது மேல வேணாலும் சந்தேகப்படு, குச்சி மேல படாத. இத்தனை வருசத்துல அது எங்கிட்டப் பொய் சொன்னதில்லை." உண்மை பேசுவதில் நான் குச்சிக்கு அடுத்த இடம் என்று தெரிந்துகொண்டேன்.

குழு வந்தது. தலைவர் ஒரு பெண் பேராசிரியர், அமைதியானவர். கூட வந்தவர்கள் ஏசி இல்லாத அறையில் விசிறிக்கொண்டு நின்றார்கள். பிரின்சிபால் வாசலில், விடைத்தாள் கட்டுகள் இரண்டையும் அட்டைப்பெட்டி ஒன்றையும் கொண்டுவந்து இறக்கியே வைத்துவிட்டார். சார் ஓட்டிக் காட்டினார். மீட்டர் அதே தலைகீழ்ப் பாட்டைப் பாடியது. சார் வேர்த்து வழிய ஏதேதோ விளக்கம் சொன்னார். அந்த அம்மா கேட்டுவிட்டு, "கைப்பிடியைத் திருப்பி, குச்சியைப் பின்பக்கமா வச்சுப் பாத்தீங்களா சார்?" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். நான் கையுறையை மாட்டிக்கொண்டு கைப்பிடியைத் திருகினேன். உருளைக்குள் குச்சி அரைவட்டம் திரும்பியது. மீட்டரைப் பார்த்த அந்த அம்மா சிரித்தார்.

"முதல்ல சன்னல் பக்கமிருந்து ஓடி வருதுன்னுச்சு. இப்ப வாசல் பக்கமிருந்துன்னுது. குச்சி திரும்பினா ஓட்டமுமா சார் திரும்பும்? ஒரு தகட்டுல என்னமோ கோளாறு. திறந்து பாப்போம்."

காற்றை விட்டு உருளையைத் திறந்தோம். சார் கையுறையோடு குச்சியை வெளியே எடுத்தார். பின் தகடு பளபளவென்று இருந்தது. முன் தகட்டில், நட்ட நடுவில், சின்னதாக, வட்டமாக, கருகிப்போன ஒரு பொட்டு. ஓரத்தில் மட்டும் மஞ்சள் மிச்சமிருந்தது. நடுவில் குங்குமம் வைத்த தடம்கூடத் தெரிந்தது. லேசாகச் சந்தன வாசம் வந்தது.

ஏதோ வேலையாக வந்ததுபோல் வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆரோக்கியமேரி அக்கா, "நான் பூட்டுக்கு மட்டுந்தேன் வச்சேன். மாதா சாட்சியா" என்றார்.

உள்ளே போக ஒரே சாவி. அது சாரின் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம். சாரும் குனிந்து பார்த்தார்.

"வச்சிட்டு, பூசை முடிஞ்சதும் துடைக்கணும்னுதான் நெனைச்சேன்" என்றார், சத்தமே வராத குரலில். "மறந்துட்டேன்."

"நீங்களா சார்?" என்றார் பிரின்சிபால்.

"எல்லா மெஷினும் பொட்டு வச்சுக்கிட்டு நிக்குது. ஜெராக்ஸ் மெஷின்கூட. இது மட்டும் வெறும் நெத்தியா நிக்குதேன்னு மனசு கேக்கலை."

"அது சரி, ஒரு பக்கம் மட்டும் ஏன் வச்சீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

சார் அவரை விசித்திரமாகப் பார்த்தார். "மொகத்துலதானம்மா வைப்பாக? முதுகுலயா வைப்பாக?"

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. பல நாளாக ஒயரை மாட்டினாயா, கைப்பிடியைத் திருகினாயா என்று என் உயிரை எடுத்த மனிதர்! ஆனால் அதைக் காட்டுவதற்குக்கூட நேரம் இல்லை. அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "சுத்தம் பண்ணி மறுபடி ஓட்டச் சாயங்காலம் ஆயிடும். வேன் நிக்குது. இன்னொரு நாள் பாக்கலாம் சார்." இன்னொரு நாள் என்றால் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிரின்சிபால் ஒரு விடைத்தாள் கட்டைத் தூக்கி உள்ளே வைத்தார். எதற்கும் மறுபேச்சுப் பேசுகிற சார், குச்சியைக் கையில் ஏந்தியபடி ஒதுங்கி அவருக்கு வழி விட்டார். அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. பார்க்கவும் பிடிக்கவில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. எங்கள் வராந்தா வழியாகத்தான் மொத்தக் கல்லூரியும் கேண்டீனுக்கு ஓடும். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிவதற்குள் வராந்தாவின் நடுவில் போய் நின்றுவிட்டேன்.

"சார், முதுகு குடுங்க!"

அவ்வளவு சத்தமாக நான் அந்தக் கல்லூரியில் பேசியதே இல்லை. சார் குச்சியைத் தட்டில் வைத்துவிட்டு வந்து என் முதுகில் ஒட்டிக்கொண்டார். அவர் பையில் பாதிக் கொட்டையைப் போட்டேன். பிள்ளைகள் வெள்ளமாக வந்து மோதினார்கள். என் கொட்டைகள் வேகமாக இடம் மாறின. சாருடையவை எப்போதாவது ஒன்று. பிறகு ஆரோக்கியமேரி அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா, பிரின்சிபால் கொண்டுவந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி என் நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, சட்டமாக நின்றார். இடி எல்லாம் அட்டையில் விழுந்தது. என்னை எட்டவில்லை. என் கொட்டைகள் நின்றுபோயின. சார் பக்கம் மட்டும் ஒன்றிரண்டு மாறியது.

"இந்தா, இதேன் அந்தப் பொட்டு" என்றார் அக்கா, பெட்டிக்குப் பின்னாலிருந்து.

பேராசிரியர் அம்மாவுக்குத் தெரியாத பாடம் இல்லை அது. ஆனால் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட வந்தவர்களிடம் சொன்னார், "வேனைச் சாயங்காலம் வரச் சொல்லுங்க. எனக்கு அந்தக் கணக்கைப் பாத்துட்டுத்தான் போகணும்."

சாயங்காலம் ஊதா வெளிச்சம் வந்தது. முன் தகட்டில் அதிகம், பின் தகட்டில் குறைவு. கைப்பிடியைத் திருகினோம். தகடுகள் இடம் மாறின, ஓட்டம் மாறவில்லை. பிளாஸ்மா ஒழுங்காக வாசலிலிருந்து சன்னலுக்கு ஓடியது. அறை எங்களுக்கே என்று எழுதிக் கொடுத்தார்கள். விடைத்தாள் கட்டுகள் மாடிப்படிக்குக் கீழே போயின. சார் எனக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "கையுறை இல்லாமத் தட்டைத் தொட்ட, நான் பாத்தேன்" என்றார்.

முட்டி வலி அதிகமாகி, இப்போது சார் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். புதிதாக வந்திருக்கும் மேடம் அந்த உருளையை வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். சார் அவ்வப்போது போன் செய்கிறார். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. குச்சி எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார். ஆயுத பூஜை அன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, "வச்சாச்சு சார்" என்பேன். "வெளியதானே?" என்பார். "வெளியதான் சார்." "ம்" என்று வைத்துவிடுவார்.

சென்ற வாரம் சந்தையில் தக்காளிக்கார அம்மா கேட்டார், "என்ன சாமி, தனியா வந்திருக்கீக? உங்க மறுபக்கம் எங்க?" ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு நடந்தேன். கூட்டம் முன்னால் இடித்துக்கொண்டேதான் இருந்தது. முதுகுப் பக்கம்தான் வெறிச்சென்று இருந்தது.